பூட்டை அசைத்துப் பார்க்கும் காவற்காரர்



பலாங்கொடைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் இராக் காவற்காரர், கட்டடத்தைச் சுற்றி வந்து ஒவ்வொரு பூட்டையும் கையால் அசைத்துப் பார்ப்பார். பூட்டுத் தொங்குகின்றது என்பதனாலேயே கதவு அடைபட்டிருக்கின்றது என்று அவர் நம்பிவிடுவதில்லை. கணினி வலையமைப்புகளுக்கும் இத்தகைய காவற்காரர் உண்டு.

வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் உள. மின்னஞ்சல் ஒரு வாசலால் வரும். இணையப் பக்கம் வேறொரு வாசலால் செல்லும். 1997ஆம் ஆண்டில் கோர்டன் லயன் என்பவர் வெளியிட்ட ‘என்மேப்’ என்னும் மென்பொருள், இவ்வாசல்களைத் தட்டி, எது திறந்துள்ளது, உள்ளிருந்து விடையளிப்பது எந்த மென்பொருள் என்று கூறும். ‘ஓப்பன்வாஸ்’ என்பதோ, அங்கே ஏற்கெனவே அறியப்பட்ட பழுதுகள் உளவா என்றும் சோதித்துப் பட்டியலிடும்.

இவை திறந்த மூல மென்பொருள்கள். இவற்றின் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம், பணமின்றிப் பயன்படுத்தலாம். 1998இல் தோன்றிய ‘நெசஸ்’ என்னும் கருவியின் மூலநிரலை அதன் உரிமையாளர் 2005இல் மூடினர். ஆயினும் முன்னர் வழங்கியதை மீளப்பெற இயலாதாகையால், அதிலிருந்தே ஓப்பன்வாஸ் வளர்ந்தது.

“கள்வனும் இதனைப் பயன்படுத்தலாமே?” என்று கேட்பீர்கள். உண்மையே. அதனாலன்றோ வீட்டுக்காரர் முந்திக்கொள்ள வேண்டும்!

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் கெடுமென்பொருள் தாக்கிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள், காப்புப் பிரதி இன்மையால் அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அங்கு இயங்கியது, தயாரிப்பாளரின் ஆதரவு அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிவுற்ற 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனைப் புதுப்பிக்க 2021 முதலே எண்ணியிருந்தும், நிதிக் குறைவு முதலிய காரணங்களால் தாமதம் நேர்ந்ததாகப் பொறுப்பான நிறுவனம் கூறிற்று.

பழுதைக் காட்டுவது கருவி. திருத்த வேண்டியவர் நாமே. கதவு பழுது என்று காவற்காரர் சொன்ன பின்னரும் தச்சனை அழையாதிருந்தால், குற்றம் எவருடையது?

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அயலார் கணினியை அனுமதியின்றிச் சோதிப்பது, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் நம்மைச் சிக்க வைக்கக்கூடும். நம் வீட்டுப் பூட்டையே நாம் அசைக்கலாம்.

உங்கள் பாடசாலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கணினிகள் இருப்பின், பொறுப்பாளரை நாளை இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “இப்பூட்டுகளைக் கடைசியாக அசைத்துப் பார்த்தது எப்போது? கண்ட பழுதைத் திருத்தியாயிற்றா?”