கடலில் மூழ்கிய அன்றே மலையேறாதீர்கள்

நம் சங்கக் குடும்பங்களில் இப்போது நாலைந்து பிள்ளைகளாவது ஸ்கூபா சான்றிதழ் அட்டை வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியிலோ கோவளத்திலோ மூன்று நான்கு நாள் பயிற்சி, 'ஓப்பன் வாட்டர்' எனும் முதல் நிலைத் தேர்ச்சி. அடுத்த மாதமே, "அங்கிள், முதல் தடவையா நாங்களே டைவிங் போறோம். என்ன வாங்கணும்?" என்று தொலைபேசி. சில வருடங்களாக விடுமுறை கிடைத்தால் கடலுக்குள் இறங்குகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என்ன வாங்குவது என்பது சிறிய விஷயம். முகக்கண்ணாடி ஒன்று போதும். வாரைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு ஏற்றது. அடர்ந்த மீசை வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் கசியும். மூக்கின் அடியில் கொஞ்சம் கத்தரித்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. சிலிண்டர், ரெகுலேட்டர், ஜாக்கெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும்.

பெரிய விஷயம் வேறு. டைவிங் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் கடற்கரையில் தங்கியிருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவை விமானப் பயணத்தைப் பற்றி எச்சரிக்கும். நாமோ மூணாறு, பூப்பாறை, குமுளி என்று மலையில் குடியிருப்பவர்கள். நமக்கு வீடு திரும்புவதே விமானம் ஏறுகிற மாதிரிதான்.

காரணத்தைச் சொல்கிறேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. உங்கள் அட்டை அனுமதிக்கும் 18 மீட்டரில், தரையில் இருப்பதைப் போல் 2.8 மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்ததும் அது முழுவதும் உடனே வெளியேறிவிடாது. பல மணி நேரம் ஆகும். அதற்குள் வெளி அழுத்தம் சட்டென்று குறைந்தால், கோலி சோடாவைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பலாம். 1870களில் நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் அஸ்திவாரம் தோண்டியவர்களை முடக்கியதும் இதே நோய்தான். பாலத்தின் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கே அதில் படுக்கையில் விழுந்தார். 1908இல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து முதல் அட்டவணையைத் தயாரித்தார்.

மூணாறு 1,500 மீட்டர் உயரம். கடற்கரையைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. குமுளியில் பத்தில் ஒரு பங்கு. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற பாதுகாப்பு அமைப்பு விமானப் பயணத்துக்குச் சொல்லும் வழிமுறை இது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இருக்கும் என்ற கணக்கில் சொல்லப்பட்டது. நம் ஊர்கள் அந்தக் கணக்குக்குள் வருகின்றன.

சென்ற வருடம் ஒரு தகப்பனார் என்னோடு வாதாடினார். "காலையில ராமேஸ்வரத்துல ரெண்டு டைவ், மத்தியானம் வண்டி ஏறினா மதுரை, தேனி, போடி வழியா ராத்திரி வீடு. திங்கட்கிழமை பையன் வேலைக்குப் போகணுமே" என்றார். லீவு கிடைப்பதன் அருமை எனக்கும் தெரியும். ஆனாலும் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளை அன்றிரவு ஏறக்கூடாது என்றேன். சனிக்கிழமை டைவிங்கை முடித்துக்கொண்டு இரவு போடியிலேயே உறவினர் வீட்டில் தங்கி, ஞாயிறு மதியத்துக்கு மேல் மலையேறினார்கள். தேனி, போடி, கம்பம் எல்லாம் 600 மீட்டருக்குக் கீழே உள்ள ஊர்கள்தான். கோவளத்திலிருந்து திரும்புகிறவர்கள் கோதமங்கலத்தில் தங்கலாம். மலையிலிருந்து இறங்கிப் போய் மூழ்குவதில் இந்தச் சிக்கல் இல்லை, திரும்புவதில்தான்.

பாலக்காட்டு அன்பர்கள் கொடுத்து வைத்தவர்கள். கணவாய் வழியாகக் கோவை வரை போனாலும் 400 மீட்டர்தான். ஆனால் அன்று மாலையே நெல்லியாம்பதிக்கோ வால்பாறைக்கோ உல்லாசப் பயணம் வைக்காதீர்கள். அந்தமான் போகிறவர்கள் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (2024 வரை போர்ட் பிளேர்) விமானம் ஏறுவதற்கு முந்தைய நாளை ஊர் சுற்றிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் பார்த்துப் போக வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கோவளம் கடல் கொந்தளிக்கும், கலங்கியும் இருக்கும். அதே மாதங்களில் இலங்கையின் திருகோணமலைப் பக்கம் கடல் அமைதி. புறாத்தீவில் பவளப்பாறை பார்க்கலாம். அங்கிருந்து மட்டக்களப்புக்குப் போய், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'ஹெர்மீஸ்' கப்பலைப் பார்க்க ஆசை வரும். அது 50 மீட்டருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. முதல் நிலை அட்டைக்காரருக்கு உரியதல்ல. கூட வந்தவர்கள் கேலி செய்தாலும் படகிலேயே இருங்கள்.

படகில் ஏறுமுன் வழிகாட்டியிடம், "பயிற்சிக்குப் பிறகு இதுதான் முதல் டைவ்" என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். நல்லவராக இருந்தால் அவரே உங்கள் பக்கத்தில் வருவார். எரிச்சல்பட்டால் வேறு ஆளைப் பாருங்கள். காலையில் இரண்டு இட்லி சாப்பிடலாம். வெறும் வயிறும் குமட்டும். ஜலதோஷம் இருந்தால் அன்று இறங்கவே வேண்டாம், காது அழுத்தம் சமப்படாது. பணம் கட்டியாயிற்றே என்று இறங்கிக் காதுச் சவ்வைக் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். தண்ணீருக்குள் எந்த நிலையிலும் மூச்சை அடக்கக்கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, நிதானமாக மேலே வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒன்று. திரும்பி வந்த பிள்ளை, அன்றோ மறுநாளோ, மூட்டு வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது என்றால் பயணக் களைப்பு என்று தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். உடனே ஆக்சிஜன் கொடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய், கடலில் எத்தனை மீட்டர், எத்தனை தடவை, எப்போது மூழ்கினார் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நம் பக்கத்து மருத்துவர்கள் தாமாக அதைக் கேட்க மாட்டார்கள். பிள்ளையின் லாக் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆழமும் நேரமும் அதில் எழுதியிருக்கும்.