மீதி மருந்து எங்கே போகிறது?

'நானோ மருந்து' என்றால் புற்றுநோய்க் கட்டியைத் தேடிப்போய்த் தாக்கும் ஏவுகணைப் படம் ஒன்று பக்கத்தில் வந்துவிடும். உண்மையில் அந்த நுண்ணிய மருந்துத் துகளுக்குக் குறி பார்க்கத் தெரியாது. ரத்தம் போகிற இடமெல்லாம் போகும், ஒழுகுகிற இடத்தில் இறங்கும். அவ்வளவுதான்.

டாக்ஸோரூபிசினை எடுத்துக்கொள்வோம். பார்க்கச் சிவப்பாக இருக்கும். புற்றணுக்களைக் கொல்வதில் கெட்டிக்கார மருந்து, ஆனால் இதயத் தசையையும் சும்மா விடாது. ஆயுளுக்கும் இத்தனை மில்லிகிராம்தான் என்று கணக்கு வைத்துத்தான் ஏற்றுவார்கள். ஜெருசலேமில் பேரன்ஹோல்ஸ், கேபிசான் என்ற ஆய்வாளர்கள் இதைச் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தார்கள். கல்லீரல் உடனே விழுங்கிவிடாமல் இருக்க மேலே ஒரு பாலிமர் பூச்சு. 1995இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

குமிழி கட்டிக்குள் போவது எப்படி? கட்டியின் ரத்தக் குழாய்கள் அவசரத்தில் எழுப்பிய சுவர் மாதிரி, எங்கும் இடுக்கு. குமிழி அதன் வழியே கசிகிறது. வடிகால் சரியில்லாததால் அங்கேயே தங்குகிறது. 1986இல் ஜப்பானில் மட்சுமுரா, மயேடா என்ற ஆய்வாளர்கள் சொன்னது இது.

சரி, எவ்வளவு தங்குகிறது? டொரன்டோவில் வாரன் சான் குழு பத்து வருட ஆய்வுகளைத் திரட்டி 2016இல் கணக்குப் போட்டது. பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. ஏற்றிய துகள்களில் கட்டியைச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். ஆயிரத்துக்கு ஏழு! கணக்கிட்ட முறையே சரியில்லை என்று வாதிடுபவர்களும் உண்டு.

மீதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது, கொஞ்சம் தோலுக்கும். இந்தக் குமிழி மருந்து ஏறிய சிலருக்கு உள்ளங்கையும் பாதமும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். சுடுதண்ணீர் ஆகாது, இறுக்கமான செருப்பு ஆகாது. இதயத்துக்கு ஆபத்து குறைந்தது பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. 'பக்கவிளைவே இல்லை' என்று குடும்பத்தாரிடம் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்த 0.7 சதவீதக் கணக்கும் பெரும்பாலும் எலிகளுடையதுதான். எலியின் கட்டி சில வாரங்களில் வீங்குவது, நன்றாக ஒழுகும். மனிதக் கட்டி வருடக்கணக்கில் வளர்வது. ஒரே நோயாளியின் உடம்பில் ஒரு கட்டி குமிழியை உள்ளே விடும், இன்னொன்று விடாது. குமிழியில் கதிரியக்கத் தாமிரத்தைச் சேர்த்து பெட் ஸ்கேனில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சோதிக்க வழி இருந்தும், வழக்கமான சிகிச்சையில் அது சேரவில்லை. புதுப்புதுத் துகள் செய்யக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தை இந்தச் சோதனைக்குத் திருப்பலாமே.