வீடு ஊரில், வேலை வெளியூரில்

பெயர் சேலம் ஜங்ஷன் என்றாலும், அந்த ரெயில் நிலையம் இருப்பது சூரமங்கலத்தில். சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப் பாதை 1861-ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் ராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூருக்குப் புதுப் பாதை திறக்கப்பட்டது. நாமக்கல் நகரம் ரெயிலைக் கண்டதே அப்பொழுதுதான்!

காலை வேளையில் இங்கே வந்து நிற்பவர்கள் எல்லாரும் யாத்திரிகர்கள் அல்லர். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் தினந்தோறும் வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் அவர்களில் உண்டு. ஈரோடு 60 கிலோமீட்டர். திருப்பூர் அதற்கும் அப்பால். ரெயில்வேயாரோ 150 கிலோமீட்டர் வரையில் சீஸன் டிக்கெட் கொடுக்கிறார்கள்.

இந்தச் சிறு சீட்டு செய்துவரும் உபகாரத்தை நாம் குறைத்துச் சொல்லலாகாது. இஃது இல்லாவிடில் எத்தனையோ குடும்பங்கள் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்து வாடகை வீட்டில் குடியேற நேர்ந்திருக்கும். இப்பொழுது நகரத்துச் சம்பளம் கிராமத்துக் கடையில் செலவாகிறது; ஓட்டு வீடு மாடி வீடாகிறது; பெண் குழந்தை கல்லூரிக்குப் போகிறாள்.

ஆனால், கருக்கலில் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புகிறவர்களுக்குச் சொந்த ஊர் இராத் தங்கும் சத்திரமாகிவிடுகிறது. கிணறும் மாடும் வயோதிகர் தலையில் விழுகின்றன. ஏரி மதகு பழுதானால் கேட்பாரில்லை. சம்பளம் ஊருக்கு வந்துவிடுகிறது, ஆள்தான் வருவதில்லை.

இதற்குப் பரிகாரம் என்ன? ரெயிலை நிறுத்துவதன்று. ஆளை வேலைக்கு அனுப்புவதோடு, வேலையையும் ஆளிடம் கொண்டுவர வேண்டும். 1925-ஆம் ஆண்டில் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஸ்தாபித்துச் செய்தது இதுவேயல்லவா? நூற்பும் நெசவும் குடியானவர் வாசலுக்கே வந்தன. இன்றும் சூரமங்கலத்துக்கு அருகே சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு வேலை வீடுகளிலேயே நடைபெறுகிறது. இளம்பிள்ளையில் தறிகள் ஓடுகின்றன. இத்தொழில்களுக்குக் குறைந்த வட்டியில் கடனும், நியாயமான விலையும் கிடைக்கச் செய்தால், ரெயில் ஏறுவதும் ஏறாததும் அவரவர் விருப்பமாகும்.

அதுவரையில் ஊர்க் காரியத்தைக் கவனிப்பது யார்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபைகள் கூடுகின்றன. இந்நான்கும் தொழிற்சாலைகளுக்கும் சட்டப்படி விடுமுறை நாட்கள். அன்று வீட்டில் உறங்கிக் கழிக்காமல், சபைக்குச் சென்று மதகைப் பற்றியும் கணக்கைப் பற்றியும் கேட்க வேண்டும். வீட்டுப் பெரியோர்கள் அவர்களை அனுப்பிவைப்பதோடு, தாங்களும் உடன் செல்வார்களாக!