கோழிக்கு உண்டாகும் மூச்சிரைப்பு

ஆரணியைச் சார்ந்த சந்தவாசலிலும் அதனையடுத்த பட்டு நெசவூர்களிலும், முன்கட்டிலே தறியும் பின்கட்டிலே நாலைந்து கோழிகளுமுடைய வீடுகள் அரியனவல்ல. தறிக்கூலி கைக்கு வரும் நாளை நெசவாளர் தாமே நிச்சயித்தல் இயலாது. முட்டை விற்ற காசோ அன்றன்றே இல்லாளின் முந்தானையிற் சேர்வது. ஆதலின் ஒரு நாட்காலை பஞ்சாரத்தைத் தூக்குங்கால், கோழியொன்று கழுத்தை நீட்டி அலகைத் திறந்து கரகரவென்று மூச்சிழுத்து நிற்கக் காணும் இல்லத்திலே உண்டாகும் கலக்கம் சிறிதன்று. அக்கலக்கத்திலே செய்யப்படும் காரியங்களிற் பல பிழைபடுதலின் இதனை எழுதப் புகுந்தோம்.

கோழி மூச்சு விடும் விதம் நம்முடையது போன்றதன்று. அதன் நுரையீரல் விலாவெலும்புகளோடு ஒட்டி, விரிந்து சுருங்காது நிற்பது. ஒன்பது காற்றுப்பைகள் கொல்லன் துருத்திபோல நின்று அதனூடே காற்றைச் செலுத்துகின்றன. அப்பைகளின் கிளைகள் சில எலும்புகளினுள்ளும் புகுந்துள்ளன. ஆகவே மூக்கிற் புகுந்த நோய் உடலின் உட்புறமெங்கும் பரவ வழி திறந்தே கிடக்கிறது. மருந்தூட்டுவோர் பறவையின் மார்பை இறுகப் பிடித்தலுமாகாது. மார்பு அசைந்தாலன்றித் துருத்தி இயங்காது. பிடித்த பிடியிலே கோழி மாண்டுபோக, பழி மருந்தின்மேற் சுமத்தப்படுவதுமுண்டு.

இனி, மூச்சிரைப்பெல்லாம் ஒரே வியாதியன்று. முகம் வீங்கி, மூக்கினின்று நாற்றமுள்ள நீர் வடியுமாயின் அது பாக்டீரியாவால் வரும் சளிநோய். கால்நடை வைத்தியர் கொடுக்கும் மருந்திற்கு அடங்கும். வாயினுள் மஞ்சட் பொருக்குப் படியுமாயின் அம்மையின் உள்வடிவமென ஐயுறலாம். இரை தின்றுகொண்டே வாரக்கணக்கிற் கரகரப்பது பெரும்பாலும் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரின் செயல். மருந்தினால் இது தணியுமேயன்றி முற்றும் நீங்காது. தாயினின்று முட்டைவழியே குஞ்சிற்கும் செல்லும். அத்தகைய கோழியின் முட்டையை அடைக்கு வைத்தலாகாது. அடைபட்ட கூட்டிலே எச்சத்தினின்று எழும் அம்மோனியா ஆவி இவை யாவற்றையும் மிகுவிக்கும். தெருவிற் பாவு நீட்டும் வேளையிற் கோழியை நெடுநேரம் அடைத்து வைப்போர், கூட்டிற்குக் காற்றோட்டம் உண்டாவெனப் பார்த்தல் நன்று.

இவற்றினும் கொடியது வெள்ளைக் கழிச்சல். மூச்சிரைப்போடு பச்சையும் வெள்ளையுமாய்க் கழிதல், இறகு தொங்கல், கழுத்து முறுக்கிக்கொள்ளல் ஆகியன இதன் குறிகள். சில நாளில் தெரு முழுதும் காலியாகும். 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப்புறத்திலும், அடுத்த ஆண்டில் இமயச்சாரலில் உள்ள ராணிக்கேத்திலும் இது கண்டறியப்பட்டது. ராணிக்கேத் நோய் என்று நம் நாட்டார் கூறுவது அதனாலேயே. பெயரொலியால் மயங்கி நமது இராணிப்பேட்டையோடு இதனை இணைத்தெண்ணற்க. இராணிப்பேட்டைக்கு உள்ள தொடர்பு வேறு: 1932-இல் அங்கே நிறுவப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்நோய்க்குத் தடுப்பு மருந்தும் செய்து வருவது.

இந்நோய் வைரஸால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்து ஊட்டுவோரை யாம் இகழோம். எனினும் அவை வைரஸைக் கொல்லா. கடையில் வாங்கும் ஆன்டிபயாட்டிக்கும் கொல்லாது. பெருந்தீங்கு பிறிதொன்றிலுள்ளது. ஒரு கோழி இரைத்த அன்றே எஞ்சிய நான்கையும் சந்தைக்கு அனுப்புவோர் பலர். நோய் உட்புகுந்து குறிகாட்ட ஐந்தாறு நாள் செல்லுமாதலின், நலமாய்த் தோன்றும் அக்கோழிகளே அதனை அடுத்த ஊருக்குச் சுமந்து செல்கின்றன. இது வறுமையின் கணக்கேயன்றி வஞ்சகமன்று. ஆயினும் சந்தையிலே அக்கோழியை வாங்குபவளும் நம்மைப்போன்ற ஓர் ஏழையே. செத்ததை வாய்க்காலில் எறியாது, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும்.

ஆதலின் வருமுன் காத்தலே வழி. குஞ்சிற்கு ஏழு நாளைக்குள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் கீழ் ஊசியும் இடுவது முறை. நோயுற்ற கோழிக்கு ஊசியிடலாகாது. இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. மருந்துக் குப்பி பனிக்கட்டியிலேயே இருத்தல் வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணிக்குள் தீர்த்துவிடவும் வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்குப் போதும், வீட்டிலிருப்பதோ ஐந்து. தெருவார் ஒன்றுகூடி, கோழியைத் திறந்து விடாத விடியற்காலையிலே கால்நடை மருந்தகத்தாரை வருவித்தால் இவ்விடர் நீங்கும். ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் அரசாங்கத்தார் இலவசமாக நடத்தும் முகாமும் உண்டு. மேலும், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் குருணை வடிவிலே ஒரு தடுப்பு மருந்தைச் செய்துள்ளனர். ஊசியும் வேண்டாது, கோழியைத் துரத்திப் பிடித்தலும் வேண்டாது. தீனியாகத் தூவினாற் பொறுக்கித் தின்னும். பின்கட்டுக் கோழியின் இயல்பறிந்தோர் செய்த மருந்து இது என்போம்.

பல கோழிகள் ஒருங்கே திடீரென மடியுமாயின் வெள்ளைக் கழிச்சலென்று தாமே தீர்மானியாது, கால்நடை மருந்தகத்திற்கு அறிவித்தல் வேண்டும். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாபூரிலே கண்ட பறவைக் காய்ச்சலும் அவ்வாறே கோழிகளை மாய்த்தது. அது மனிதரையும் பற்ற வல்லது. வைத்தியர் வந்து பார்க்குமளவும் செத்த பறவையைச் சிறுவர் தொடாதபடி கூடையால் மூடி வைத்தல் வேண்டும்.