இனிப்பின் அளவு: நாவும் பழக்கமும்

ஒரே உணவு ஓரிடத்தார்க்கு இனியதாகவும் மற்றோரிடத்தார்க்குத் திகட்டுவதாகவும் தோன்றுவதேன்? தமிழ்நாட்டினின்று பெங்களூரு செல்வோர் பலர், அங்குள்ள உணவு விடுதிகளிற் சாம்பாரைச் சுவைத்தவுடன் இவ்வேற்றுமையை உணர்வர். புளியும் மிளகாயும் சேர்ந்த குழம்பில் சிறிது வெல்லமும் இடுவது உடுப்பிச் சமையல் மரபு. இவ்வினிப்பு தமிழர்க்குப் புதுமை. அங்கு வளர்ந்தோர்க்கோ வெல்லமின்றேல் சுவை நிரம்பாது. இவ்வேற்றுமை நாவின் அமைப்பைச் சார்ந்ததா, அன்றிப் பழக்கத்தைச் சார்ந்ததா?

இவ்வினாவுக்குத் துணை செய்யும் ஆராய்ச்சியொன்று கர்நாடகத்திலேயே நடைபெற்றது. மாஸ்கோவிட்ஸ், குமாரய்யா, சர்மா முதலியோர் அதன் முடிவை 1975ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். கர்நாடகப் பகுதித் தொழிலாளரும், இந்திய மருத்துவ மாணவரும் இனிப்பு, உவர்ப்பு, புளிப்பு, கசப்புக் கரைசல்களைச் சுவைத்தனர். சுவை எவ்வளவு கடுமையானது என்பதை இரு சாராரும் ஒரேவகையாக மதிப்பிட்டனர். இனிப்பு, உவர்ப்பு ஆகியவற்றில் இரு சாராரின் விருப்பமும் ஒத்திருந்தது. ஆயின் தொழிலாளர் புளிப்பையும் கசப்பையும் மாணவரைவிட மிகுதியாக விரும்பினர். அவர்கள் நா மழுங்கியதன்று. புளி மிகுந்த உணவில் ஏற்பட்ட பழக்கமே காரணமாகலாம் என ஆராய்ச்சியாளர் கருதினர்.

இனிப்பை விரும்புதல் பிறவியிலேயே அமைந்தது. பிறந்த குழந்தையும் சர்க்கரைநீரை விரும்பிப் பருகும். ஆனால் எவ்வுணவில் எவ்வளவு இனிப்பு இருத்தல் வேண்டும் என்பதை அனுபவமே கற்பிக்கிறது. அமெரிக்காவில் 4, 5 வயதுக் குழந்தைகட்குச் சோயாப் பாற்கட்டியை இனிப்பிட்டோ, உப்பிட்டோ, ஒன்றும் இடாமலோ பன்முறை அளித்துச் சோதித்தனர். 1990இல் வெளியான அம்முடிவின்படி, ஒவ்வொரு குழந்தையும் தான் பழகிய வகையையே விரும்பியது. சாம்பாரில் வெல்லம் வேண்டுவோர், மோரில் அதனை வேண்டாதிருப்பதும் இத்தகையதே.

மாணவர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். 2, 5, 10, 20 கிராம் சர்க்கரையைத் தனித்தனியே கொதித்தாறிய நீரிற் கரைத்து, ஒவ்வொன்றையும் 100 மில்லிலிட்டராக்குக. கிண்ணங்களில் அளவைக் குறியாது, வரிசை மாற்றித் தருக. ஒவ்வொருவர்க்கும் தனிக் கரண்டி தேவை. ஒவ்வொரு சுவைக்குப் பின்னும் வாய் கொப்பளிக்கச் செய்க. “எவ்வளவு இனிக்கிறது?” “எவ்வளவு பிடிக்கிறது?” என்ற இரு வினாக்களையும் வேறாகக் கேட்டு எழுதிக்கொள்க. முன்னதன் விடை கரைசலின் செறிவோடு உயர்ந்துகொண்டே செல்லும். பின்னதன் விடை பலரிடத்து ஓரளவுக்கு மேல் இறங்கும். உணர்ச்சியும் விருப்பமும் வெவ்வேறென்பது அப்போது புலப்படும்.

களப் பணியாளர்க்கு இதிற் பயனுண்டு. ஓரூரார் கூடுதலாகச் சர்க்கரை சேர்ப்பதை அறியாமையென்று இகழ்தல் தகாது, அறிவுரையும் செவியேறாது. அதே வேளையில், உடல்நலத்துக்குரிய எல்லையை மறைத்தலும் ஆகாது. உணவில் சேர்க்கும் சர்க்கரை முதலியவற்றின் ஆற்றல் மொத்தத்தில் 10 விழுக்காட்டுக்குக் குறைந்திருக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்போர்க்கு இது 50 கிராம். வெல்லமும் தேனும் இக்கணக்கிற் சேரும்.

பழக்கம் இளமையில் உருவாவதால் முயற்சியும் அங்கே தொடங்குதல் நன்று. சர்க்கரைநீர் புகட்டப்பெற்ற குழந்தைகள் ஆறாம் மாதத்தில் அதனைப் பிறரினும் மிகுதியாகப் பருகியது 1982இல் வெளியான ஆய்வாற் புலனாயிற்று. ஆதலின் கைக்குழந்தைக்குச் சர்க்கரைநீர் வேண்டாவென்று தாய்மார்க்கு எடுத்துரைப்பது, பின்னர் வளர்ந்தோரின் சுவையை மாற்ற முயல்வதினும் எளிது.