புகையறியும் கருவிக்கு அறிவு உண்டோ?



நாம் வாழும் இப்பகேரியாவிற் பிறந்த இயக்குநர் ஜுசெப்பே தொர்னத்தோரே 1988இல் ஆக்கிய ‘நுவோவோ சினிமா பரதீசோ’ என்னும் திரைப்படத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். அதிலே படச்சுருள் தீப்பற்றித் திரையரங்கு எரியும். படமோட்டுபவர் தம் கண்பார்வையை இழப்பார். அது கதை. ஆனால் 1983 பெப்ரவரி 13ஆம் நாள் தொரினோ நகரின் ‘ஸ்தத்தூத்தோ’ திரையரங்கில் நிகழ்ந்தது கதையன்று. அங்கே 64 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று. எரிந்த இருக்கைகளிலிருந்து எழுந்த நச்சுப்புகையே. வெளியேறும் கதவுகளிற் பல பூட்டப்பட்டிருந்தன. இத்தாலியின் தீப்பாதுகாப்பு விதிகள் அதன் பின்னரே இறுக்கமடைந்தன.

தீயினும் முந்திச் செல்வது புகை. உறங்குபவரின் மூக்கோ அதனை அறிவதில்லை. ஆகவே எமக்கு முன்னர் புகையை உணர்ந்து எம்மை எழுப்ப ஒரு காவலாளி வேண்டும். பாடசாலை, மருத்துவமனை, விழா மண்டபம் ஆகியவற்றின் கூரையில் வெண்ணிறக் கிண்ணம் கவிழ்த்தாற்போல் ஒட்டியிருப்பவர் அவரே.

இக்கருவி புகையை எவ்வாறு காண்கிறது? ஊரிலே கிடுகுக் கூரையின் துவாரத்தினூடே வெயிற்கதிர் விழும்போது, அதிலே தூசி மினுங்குவதைப் பெற்றோர் கண்டிருப்பர். தூசி இல்லையேல் கதிரின் பாதை பக்கத்திலிருப்பவர் கண்ணுக்குப் புலப்படாது. கருவியின் உள்ளேயும் ஓர் இருண்ட அறை உண்டு. ஒருபுறமிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பாய்கிறது. ஒளியுணரி அதற்கு நேரெதிரே இராது, ஒதுங்கி நிற்கும். புகைத் துணிக்கைகள் உட்புகுந்ததும் ஒளி அவற்றிற்பட்டுச் சிதறி உணரியை அடைகிறது. புகை கூடக் கூட அங்கு சேரும் ஒளியும் கூடும்.

பழைய அமைப்புகளில், கருவி ‘புகை உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே கூறும். பல கருவிகள் ஒரே கம்பியில் தொடுக்கப்பட்டிருப்பதால், எந்தப் பகுதி என்பது தெரியுமேயன்றி எந்த அறை என்பது தெரியாது. ஒரு வகுப்பிலே யாரோ கூச்சலிட்டதை அடுத்த அறையிலிருந்து கேட்ட ஆசிரியரின் நிலை அது.

இன்றைய அறிவுசார் அமைப்போ வரவு இடாப்புடன் நிற்கும் ஆசிரியரைப் போன்றது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்கம் உண்டு. கட்டுப்பாட்டுப் பலகை சில நொடிகளுக்கு ஒருமுறை ஒவ்வோர் இலக்கமாக அழைக்கிறது. கருவி தான் உணரும் புகையின் அளவைக் கூறி விடையளிக்கிறது. விடையளிக்காத கருவி பழுதுற்றதென உடனே அறியப்படும். கம்பியும் வளையமாகப் பலகைக்கே திரும்பி வருவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபுறமாக அழைப்புத் தொடரும்.

அறிவு என்பது இங்கே ஒப்பிட்டு முடிவெடுக்கும் ஆற்றலே. மாதக்கணக்கில் மெல்ல உயரும் அளவு, உள்ளே படியும் தூசியாகலாம். அமைப்பு அதனைக் கழித்துக் கணித்து, எல்லை மீறினால் துப்புரவு செய்யுமாறு கேட்கும். விரைந்து உயரும் அளவு தீயாகலாம். சில கருவிகள் வெப்பத்தையும் காபனோரொட்சைட்டையும் சேர்த்தளப்பதால், சமையலறை நீராவியைத் தீயென மயங்குவது குறைகிறது.

எனினும் கருவியின் அறிவு போதுமோ? 2019 ஏப்ரல் 15ஆம் நாள் மாலை பாரிஸ் நோத்ர டாம் பேராலயத்தில் எச்சரிக்கை உரிய வேளையில் எழுந்தது. ஆனால் காவலர் சென்று பார்த்தது வேறிடம். தீயோ கூரையின் கீழிருந்த மரக்கட்டமைப்பில். ஏறத்தாழ அரை மணி நேரம் வீணாயிற்று. கூரையும் கோபுரமுனையும் எரிந்து வீழ்ந்தன. எச்சரிக்கை கிடைத்தும், தீ இருந்த இடத்திற்கு எவரும் உடனே செல்லவில்லை.

பிறரைக் குறைகூறுமுன் எம் பிழையையும் ஒப்புக்கொள்வோம். முன்னொரு விழாவில், வாடகைக்குப் பெற்ற மண்டபமொன்றில், குத்துவிளக்கேற்றிச் சாம்பிராணி இட்டதும் அபாயமணி அலறிற்று. சிறுவர் அழுதனர். மறுபடி அலறாதிருக்க, நாமே ஏணியிலேறிக் கருவியைப் பிளாஸ்ரிக் பையாற் கட்டினோம். விழா இனிதே நிறைவுற்றது. பையை அவிழ்க்க மறந்தோம். மூன்று வாரங்கள் கழித்து மண்டபத் துப்புரவாளர் அதனைக் கண்டார். அந்நாள்கள் முழுவதும் பலகை அக்கருவியை அழைத்தது. கட்டுண்ட கருவியும் ‘புகை இல்லை’ என்றே விடையளித்தது. அதன் கீழே எத்தனை பிள்ளைகள் விளையாடினரோ!

2004 யூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பாடசாலையொன்றில் 94 பிள்ளைகள் தீயில் மாண்டபோது, நாம் ஊரில் இளம் ஆசிரியராயிருந்தோம். செய்தியைப் படித்துவிட்டு எமது வகுப்பின் கிடுகுக் கூரையை அண்ணாந்து பார்த்தது நினைவில் நிற்கிறது. அக்கூரையை நினைந்தவர் கருவியைக் கட்டியிருத்தலாகாது.

ஆதலால், பெற்றோர்களே, கருவியை மூடாதீர். விளக்கேற்றும் விழாவெனின் மண்டபப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கூறுங்கள். அறிவுசார் அமைப்பாயின், அந்த ஒரு கருவியை மட்டும் சிறிது நேரம் நிறுத்திவைத்து, ஒருவரைக் காவலிருத்தி, பின்னர் மீண்டும் இயக்கலாம். வீட்டிலே மின்கலக் கருவி இருப்பின் மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

மாணவர்களே, இந்நாட்டுப் பாடசாலைகளில் ஆண்டுக்கு இருமுறையேனும் வெளியேறும் பயிற்சி நடத்தவேண்டுமென 1992ஆம் ஆண்டின் ஆணை விதித்துள்ளது. அதனை விளையாட்டென எண்ணாதீர்கள். அங்கு கற்றதை வீட்டிலிருக்கும் அம்மம்மாவுக்குத் தமிழிற் சொல்லிக்கொடுங்கள். 112 என்னும் இலக்கத்தையும், உங்கள் தெருவின் பெயரை இத்தாலிய மொழியிற் கூறும் முறையையும் அவர் மனப்பாடம் செய்யட்டும். மணியின் அலறல் எல்லா மொழியினருக்கும் விளங்கும். அதன்பின் பேசவேண்டியவை விளங்கா. வருமுன் காத்தலை வள்ளுவர் வற்புறுத்தியபோது, தீயின் முன் இட்ட வைக்கோலையே உவமையாக்கினார். இரண்டாயிரம் ஆண்டுப் பாடத்தை இவ்வாண்டேனும் கற்போமாக.