ஒட்டுத்துணி வேலை ஏன் பாதியில் நிற்கிறது? ஒரு கணக்கும் ஒரு கவந்தியும்

தையல் பழகுகிறவர்கள் மத்தியில் யூ.எஃப்.ஓ. என்று ஒரு சொல் புழங்குகிறது. பறக்கும் தட்டு இல்லைங்க. 'அன்ஃபினிஷ்டு ஆப்ஜெக்ட்', அதாவது தொடங்கி, முடிக்காமல் பீரோவுக்குள் போட்ட வேலை. துண்டுத்துணிகளை ஒட்டி விரிப்பு தைக்கும் 'குயில்ட்' வேலையில்தான் இது அதிகம். அதற்குக் காரணம் சோம்பல் என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தைக்கும் முறையிலேயே முடிகிற முறை, முடியாத முறை என்று இரண்டு இருக்கின்றன.

இதைத் தேடிப் படிக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. அம்மா கட்டிய ஆறு சுங்குடிச் சேலைகள் வீட்டில் இருக்கின்றன. அம்மா இல்லை. சேலைகள் மடிப்பு விழுந்த இடங்களில் இழை விட ஆரம்பித்துவிட்டன. வருஷம் போகப்போக வெட்டி எடுக்கத் தேறும் துணி குறைந்துகொண்டே வரும். ஆகவே எந்த முறையில் தைத்தால் கண்டிப்பாக முடியும், தைத்தது தாங்கும் என்று தெரிந்தாக வேண்டும்.

கந்தையும் குயில்டும்

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். 'குயில்ட்' என்பது மெத்தையைக் குறிக்கும் 'குல்கிடா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம்ம பழமொழியில் வரும் 'கந்தை' சமஸ்கிருதத்தின் 'கந்தா'வோடு தொடர்புடையது; ஒட்டுப்போட்ட துணி என்று பொருள். வங்காளத்தின் புகழ்பெற்ற 'காந்தா' விரிப்புக்கும் அதே வேர்தான். அங்கே பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைகளின் கரையிலிருந்தே நூல் உருவி, ஓட்டுத்தையல் போடுவார்கள். ஒரே சொல் அங்கே கைவினையாகி ஏற்றுமதி ஆகிறது. இங்கே ஏழ்மையின் அடையாளமாக நின்றுவிட்டது. ஆனால் வேலை நம் வீடுகளிலும் இருந்தது. பிறந்த குழந்தைக்குப் பழஞ்சேலையை நாலாக மடித்து, ஓரம் மூட்டி, குறுக்கே நாலு ஓட்டம் ஓட்டிக் கீழே விரிப்பார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

மூன்று அடுக்கும் மூன்று நிறுத்தமும்

மேலைநாட்டு முறையில் குயில்டுக்கு மூன்று அடுக்கு: மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் அழகுக்கு மட்டும் போடுவதல்ல. அது இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரண்டுவிடும். போடிப் பக்கத்து இலவம்பஞ்சில் மெத்தை தைக்கிறவர்கள் இடையிடையே முடிச்சுப் போட்டு இறுக்குவதும் இதற்காகத்தான்.

இந்த முறையில் வேலை மூன்று கட்டமாகப் பிரிகிறது: மேல்துணியை ஒட்டுவது, அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பது, சுற்றிலும் ஓரம் கட்டுவது. முதல் கட்டம் சுவாரஸ்யம். நிறம் சேர்ப்பதும் வடிவம் பிடிப்பதும் அதில்தான். அது முடிந்ததும் 'ஆச்சு' என்ற நிறைவு வந்துவிடும். ஆனால் கையில் இருப்பது படுக்கவும் போர்த்தவும் ஆகாத ஒரு மேல்துணி மட்டுமே. பெரும்பாலான யூ.எஃப்.ஓ.க்கள் இங்கேதான் பிறக்கின்றன.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

அமெரிக்காவில் 'லாக் கேபின்' என்றொரு புகழ்பெற்ற வடிவம் உண்டு. நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதைச் சுற்றிப் பட்டை பட்டையாகச் சேர்த்து வெளியே வளர்ப்பது. அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் இதே போக்கில் தைக்கும் வடிவத்துக்கு 'ஹவுஸ்டாப்' என்று பெயர். பழைய வேலைத்துணிகளில் அவர்கள் தைத்த விரிப்புகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கின.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போவது நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். போர்த்துகீசியர் காலத்தில் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். சித்திப் பெண்கள் தைக்கும் விரிப்பின் பெயர் கவந்தி. அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அடுத்த சுற்று உள்ளே. இப்படியே நடுவுக்கு வந்து முடிக்கிறார்கள். துண்டை ஒட்டுவதும், அடுக்கைச் சேர்ப்பதும், ஓரம் கட்டுவதும் ஒரே ஓட்டுத்தையலில் நடந்துவிடுகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகிறது. விரிப்பு 150 செ.மீ. நீளம், 100 செ.மீ. அகலம்; ஒவ்வொரு சுற்றும் 5 செ.மீ. பட்டை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பத்துச் சுற்று, 15,000 சதுர செ.மீ. ஓரத்திலிருந்து வந்தால் முதல் சுற்று 2,400, அடுத்தது 2,200, இப்படிச் சுற்றுக்கு 200 குறைந்து கடைசிச் சுற்று வெறும் 600. நாலாவது சுற்றில் 8,400 முடிந்துவிடும், அதாவது 56 சதவீதம். அதே பத்துச் சுற்றை நடுவிலிருந்து வெளியே போட்டால் நாலாவது சுற்றில் முடிந்திருப்பது 3,600, வெறும் 24 சதவீதம். அதோடு இனி வரும் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடப் பெரிசு. சலிப்பு ஏற ஏற வேலையும் ஏறுகிறது. கவந்தியில் சலிப்பு ஏறும்போது வேலை இறங்குகிறது.

இன்னொன்று, நடுவிலிருந்து வளர்வதற்கு இயல்பான எல்லை கிடையாது. 'இன்னும் ஒரு சுற்று சேர்த்தால் நல்லாயிருக்குமே' என்று போய்க்கொண்டே இருக்கலாம். கவந்தியில் எல்லை முதல் நாளே தைக்கப்பட்டுவிடுகிறது.

பாரத்தை யார் தாங்குவது?

பழஞ்சேலைக்கு இது முக்கியமான கேள்வி. துண்டோடு துண்டை மூட்டும் முறையில், விரிப்பை இழுத்தால் பாரம் மூட்டுத்தையலில் விழும். இழை நைந்த துணி அங்கேதான் முதலில் விடும். கவந்தியில் துண்டுகள் அடித்துணியின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பெரும்பகுதி பாரத்தை அடித்துணி வாங்கிக்கொள்ளும். ஆக, அடிக்குக் கொஞ்சம் வலுவான சேலை, மேலே நைந்தது. இதனால்தான் அம்மாவின் சேலைகளுக்குக் கவந்தி முறையே சரி என்று முடிவுசெய்தேன். நடுவில் பஞ்சு வேண்டாம். மதுரை வெயிலுக்கு இரண்டு மடிப்புச் சேலையே தாராளம்.

நம்ம ஊரில் முடிக்க வைப்பது எது?

தஞ்சாவூர்ப் பக்கம் தேருக்குத் தொம்பை தைக்கிறார்களே, உருளை உருளையாகத் தொங்குமே, அதுவும் ஒட்டுத்துணி வேலைதான். யாளி, பூ, கொடி என்று வெட்டிய துணிகளை அடித்துணிமேல் வைத்துத் தைக்கிறார்கள். மதுரையில் புதுமண்டபத்துத் தையற்காரர்கள் சித்திரைத் திருவிழாவில் வேடமிடும் பக்தர்களுக்குச் சல்லடம், குல்லா எல்லாம் தைத்துக் கொடுத்தவர்கள். சில வருஷங்களுக்கு முன் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. இவர்களிடம் யூ.எஃப்.ஓ. இருக்க வழியில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது. வீட்டில் தைக்கிற நமக்கு அப்படி ஒரு நாள் இல்லாததால், முடிவைத் தைக்கும் முறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செய்து பார்க்க விரும்புவோருக்கு

- எல்லாத் துணியையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். சுங்குடியில் சாயம் போகக்கூடும். புதுப் பருத்தி சுருங்கும்.
- அடித்துணி ஓரத்தை ஒரு செ.மீ. உள்ளே மடித்து, அதன் மேல் முதல் துண்டு. வெளியே தெரியும் விளிம்புகளை மட்டும் மடித்தால் போதும்; மற்றவற்றை அடுத்த துண்டு மூடிவிடும்.
- நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். ஓரம் சுருங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும்.
- பருத்தி நூலே போதும். துணியைவிட நூல் வலுவாக இருந்தால், இழுபடும்போது கிழிவது துணிதான்.
- ஆரப்பாளையத்தில் எங்கள் தெருத் தையற்கடையில் கேட்டால் ரவிக்கைத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுக்கிறார்கள். உங்கள் தெருவிலும் கேட்டுப் பாருங்கள்.

ஒரு சிரமத்தையும் சொல்லிவிட வேண்டும். லாக் கேபின் சதுரங்களைத் தனித்தனியாகத் தைத்து பஸ்ஸில்கூட எடுத்துப் போகலாம். கவந்திக்கு முதல் தையலிலிருந்தே முழுத் துணியும் மடியில் கிடக்க வேண்டும். மே மாதத்தில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சித்திப் பெண்கள் நாலு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைப்பார்கள். அதற்கு 'ஃபூலா' என்று பெயர். அது இல்லாத கவந்தி உடுத்தாத கவந்தி என்பது அவர்கள் கணக்கு. என் விரிப்பு இப்போது மூன்றாவது சுற்றில் இருக்கிறது. இன்னொரு சுற்று போட்டால் பாதிக்கு மேல்.